தொழில் தேர்வும் நம் சமுதாய வரலாறும்

ஒருவர் மேற்கொள்ளும் தொழிலை அவர் பிறந்து வளர்ந்த சூழலும் பண்பாடும் பெரிதும் முடிவு செய்கின்றன என்பது சமூகவியலார் பலரும் ஏற்கும் கருத்து. வணிகர் வீட்டுப் பிள்ளை வரவு செலவைக் காதில் கேட்டே வளர்கிறது. மீனவர் வீட்டுப் பிள்ளை காற்றின் போக்கை அறிந்தே வளர்கிறது. வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்குச் சட்ட நூல்கள் அன்றாடம் கண்ணில் படும் பொருள்கள். இதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், இக்கருத்தை நம் மக்கள்பால் பொருத்திப் பேசுவோர் சிலர் ஒருபடி மேலே சென்று, உழவுக் கூலியும் ஊர்ப்பணியுமே இவர்களுடைய பண்பாடு, இவர்கள் விரும்பியதும் அதுவே என்று கூறிவிடுகின்றனர். அது மெய்தானா? வரலாறு அதற்குச் சான்று பகர்கின்றதா?

வெள்ளி விழா மலரைக் கையிலெடுக்கும் நம் இளைஞர்கள் இவ்வினாவிற்கு விடை அறிந்திருத்தல் வேண்டும். எந்தப் படிப்பில் சேர்வது, எந்தத் தொழிலுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவெடுக்கும் வேளையில், அவர்களுக்குத் துணிவையோ தயக்கத்தையோ தரப்போவது அந்த விடையே ஆகும்.

கோவளமும் செங்கற்பட்டுச் சீமையும்

கோவளம் பழம்பெருமை வாய்ந்த துறைமுகம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்டெண்டு வணிகக் கம்பெனியார் இங்கே வாணிகம் நடத்தினர். பின்னர் ஆர்க்காட்டு நவாபு ஆட்சியில் சாதத் பந்தர் என்னும் கோட்டை இங்கு எழுந்தது. 1752இல் கிளைவு அதனைக் கைப்பற்றினான். 1763இல் செங்கற்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளிக்கப்பட்டது. கோட்டை கட்டியவர் பெயரும், பிடித்தவர் பெயரும், கொடுத்தவர் பெயரும் நூல்களில் உள. கல் சுமந்தவர், மூட்டை ஏற்றியவர், உப்பு வாரியவர், கழனி உழுதவர் பெயர்களை எவரும் எழுதி வைத்திலர்.

இச்சீமையின் நில ஒழுங்கு மிராசு முறையைச் சார்ந்திருந்தது. கழனி மட்டுமன்று, ஊரின் தரிசு நிலத்தின்மீதும், சேரியின் குடியிருப்பு மனையின்மீதும் மிராசுதாரர் உரிமை கொண்டாடினர். சேரியில் வாழ்ந்தவர் எதிர்த்து ஒரு சொல் சொன்னால், வேலை போவதோடு குடிசையும் போகும். தரிசு நிலத்தைப் பண்படுத்திப் பயிரிட விண்ணப்பித்தால், மிராசுதாரருடைய முன்னுரிமை குறுக்கே நிற்கும். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் கூறிற்று. எனினும் மனையும் நிலமும் பிறர் கையில் இருந்தவரை, காகிதத்தில் கிடைத்த விடுதலை கழனிவரை எட்டவில்லை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தையும் இங்கே நினைவுகூர்தல் தகும். கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயின் சென்னைப் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாக 1877-78இல் வெட்டப்பட்டது. பசித்தவர் கைகளே அம்மண்ணை வெட்டி எடுத்தன. ஆளுநர் பக்கிங்காமின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது.

இத்தகைய ஒழுங்கில் ஒருவன் உழவுக் கூலியாக இருந்தமைக்குக் காரணம் அவனுடைய விருப்பமா? மாற்றுத் தொழில் ஒன்றைக் காட்டி, இதுவா அதுவா என்று எவரேனும் அவனைக் கேட்டனரா? தேர்வு என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை.

அறிவு இருந்தது, பதவி இல்லை

இனி ஒன்று கூறுவோம். நம் முன்னோர் செய்த ஊர்ப்பணி அறிவில்லாதவர் செய்த பணி என்று நம்மவரே நினைப்பதுண்டு. செங்கற்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். எந்த மதகை எப்போது திறப்பது, எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகை நீர் விடுவது, கரை எங்கே கசிகிறது என்பவற்றைக் கண்டறிந்து காத்தவர்களுள் நம்மவரான வெட்டியான், தோட்டி முதலியோர் முன்நின்றனர். ஊர் எல்லையில் வழக்கு எழுந்தபோது, எல்லையை நடந்து காட்டி உறுதி செய்தவர் வெட்டியானே. இக்காலத்தில் இவ்வறிவைப் பொதுப்பணித் துறைப் பொறியாளரும் நில அளவையரும் பட்டமும் பயிற்சியும் பெற்றுக் கற்கின்றனர்.

அதே ஊரில் கணக்கர் இருந்தார். நிலத்தின் அளவை அவர் ஏட்டில் எழுதினார். அவர் எழுதியது ஆவணம் ஆயிற்று. எல்லையைக் காட்டியவர் அறிவு வாய்ச்சொல்லாய்க் காற்றில் போயிற்று. இரண்டு பணிகளும் பரம்பரையாகவே வந்தன. ஒன்று அதிகாரத்தை வளர்த்தது, மற்றொன்று அடக்கத்தை வளர்த்தது. ஆகவே, பரம்பரைத் தொழில் எல்லோரையும் ஒரே வகையில் கட்டியது என்று கூறுவதும் பொருந்தாது.

1980 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் ஒன்றால் கர்ணம், மணியம் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982இல் அதனைச் செல்லும் என்றது. கிராம நிருவாக அலுவலர் பதவி, அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வின் வழியாக நிரப்பப்படும் பதவியாயிற்று. பரம்பரையின் சாவி கைமாறியதும், முன்னாளில் ஊர்க்கணக்கை எட்டிப் பார்க்கவும் இயலாதிருந்த குடும்பத்துப் பெண்ணும் ஆணும் அந்த நாற்காலியில் அமரத் தொடங்கினர். மாறியது நம்மவர் இயல்பா? இல்லை, நுழைவாயிலின் விதியே மாறிற்று.

வாயில் திறந்தபோது

நம் மக்கள் பழகிய தொழிலைவிட்டு அசைய மாட்டார்கள் என்ற கூற்றிற்கு 19ஆம் நூற்றாண்டின் வரலாறே நேர் மறுப்பாகும். சென்னைப் படையின் சாப்பர்ஸ் பிரிவில் நம்மவர் பெருந்தொகையாகச் சேர்ந்து பாலம் கட்டவும் பாதை போடவும் கற்றனர். 1860 நவம்பர் 16ஆம் நாள் ட்ரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது. ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமைகளை அறிந்தும் அறியாமலும், ஊர்க்கட்டை அறுத்துக்கொள்ள அவ்வழியில் சென்றோர் பல்லாயிரவர். 1880களில் கோலார் தங்கச் சுரங்கம் விரிவடைந்தபோது, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம்மவர் அங்குச் சென்று சுரங்கத் தொழிலாளராயினர். இரங்கூன் சென்ற பெ. மா. மதுரைப் பிள்ளை கப்பல் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டி, கொடைக்குப் பெயர் பெற்றார். அவர் குடும்ப வழியில் 1904இல் இரங்கூனில் பிறந்த மீனாம்பாள், பிற்காலத்தில் நம் இயக்கத்தின் பெரும் பெண் தலைவரானார். அவருடைய கணவர் ந. சிவராஜ் வழக்கறிஞராகவும் சட்டக் கல்லூரிப் பேராசிரியராகவும் விளங்கி, 1945இல் சென்னை மேயரானார்.

நம் மாவட்டத்திலேயே இருவரைக் காண்போம். பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம். சி. இராஜா ஆசிரியராகிப் பாடநூல்கள் எழுதினார். 1920இல் சென்னைச் சட்டமன்றம் புகுந்தார். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூரில் கல்வி கற்றார். அங்கு உடன் பயின்றவருள் மிகப் பெரும்பாலோர் பிராமண மாணவர். தம் குலமும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, அவர்களோடு விளையாடாமல் ஒதுங்கியிருந்ததை அவரே தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் பதிந்துள்ளார். அத்தகைய அச்சத்தினூடே கற்றவர், நீலகிரியில் வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1921இல் தாயகம் திரும்பிச் சட்டமன்றம் சென்றார். பொதுச் சாலை, கிணறு முதலியவற்றை நம் மக்களும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் கொணர்ந்தவர் அவரே. கணக்கர், இதழாசிரியர், மொழிபெயர்ப்பாளர், சட்டமன்ற உறுப்பினர் என ஒரே வாழ்நாளில் இத்தனை தொழில்களில் ஒருவர் சிறந்தார். குலத்தோடு தொழில் பிறக்குமாயின் இது எங்ஙனம் கூடிற்று?

ஓர் உண்மையை இங்கே ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒரு வாயில் திறந்தால், அது ஒருவருக்கு மட்டும் திறப்பதன்று. அண்ணல் அம்பேத்கரின் தந்தை இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகவும் படைப்பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். படைவீரர் பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தது. வீட்டில் எழுத்து இருந்தது. 1891இல் மாவு என்னும் படைநகரில் பிறந்த மகன் உலகம் அறிந்த பேரறிஞரானார். அதே காலத்தில், போர்க்குடி என்றொரு கோட்பாட்டை வகுத்து, நம் மக்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேயர் குறைத்தனர். அடைபட்ட வாயிலின் இழப்பு அவ்வீரரோடு நின்றிருக்குமா? அவர்தம் பிள்ளைகளின் பள்ளியும் அதனோடு போயிற்று.

நிலமும் தொழிலும்

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த திரெமென்ஹீர், நம் மக்கள் நிலைகுறித்து விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்கு அனுப்பினார். மனையுரிமை இன்மை, தரிசு நிலம் பெற இயலாமை, கடன் ஆகிய மூன்றும் மக்களைக் கட்டிவைத்துள்ளன என்பதை அவர் எடுத்துக் காட்டினார். 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட அரசாணையைத் தொடர்ந்து நிலம் வழங்கும் முறை வந்தது. அவையே இன்று பஞ்சமி நிலம் எனப்படுவன. மாகாணம் முழுவதும் சுமார் 12 இலட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும், பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. அந்நிலங்களை மீட்கும் கிளர்ச்சியில் 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரும் உயிர் நீத்தனர்.

நிலத்தைப் பற்றித் தொழில் குறித்த கட்டுரையில் ஏன் பேசுகிறோம் என இளைஞர் கேட்கக் கூடும். சிறிது நிலம் உடைய குடும்பம், மகனையோ மகளையோ இரண்டாண்டு கூடுதலாகப் படிக்க வைக்கும். முதல் தேர்வில் தவறினால் மறு தேர்வு எழுதச் சொல்லும். நிலமில்லாக் குடும்பம் அடுத்த மாதமே வேலைக்குப் போகச் சொல்லும். பெற்றோர்க்கு அன்பு குறைவு என்பதனாலா? இல்லை, காத்திருக்க வலிமை இல்லை என்பதனால். வெளியிலிருந்து பார்ப்போர் இதனையே இவர்கள் பண்பாடு என்று பெயரிட்டு அழைக்கின்றனர்.

உதவிய கையும் கட்டிய வரம்பும்

கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அந்நன்றியை நாம் மறவோம். எனினும் அப்பள்ளிகளில் எழுத்தும் எண்ணும் கற்பித்ததோடு, சமையல் போன்ற வீட்டு வேலைப் பயிற்சிக்கும் இடம் இருந்தது. பிள்ளைகள் எவ்வளவு உயரலாம் என்பதை உதவ வந்தவரே முன்கூட்டி அளந்து வைத்தனர். அந்த அளவுக்குள் நிற்க நம்மவர் உடன்படவில்லை என்பதற்குப் பின்வந்த வரலாறே சான்று.

1893இல் நடந்த மற்றொன்றும் நினைக்கத்தக்கது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, இரட்டைமலை சீனிவாசன் அதனை எதிர்த்து 3412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். இன்று படிப்போர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். அவர் கண்ட உண்மை இது: வினாத்தாள் எல்லோர்க்கும் ஒன்றே, தேர்வுக்கூடம் வரை வரும் பாதை ஒன்றன்று. பள்ளி ஏற்கெனவே எவர் கையில் இருந்ததோ, பதவியும் அவர் கைக்கே போகும் என அவர் அஞ்சினார். பின்னாளில் இட ஒதுக்கீடு என்ற கோட்பாடு வந்தது அந்த இடைவெளியை ஓரளவேனும் நிரப்பவே.

1953இல் இராஜாஜி அரசு தொடக்கக் கல்வியில் ஒரு புதுத்திட்டம் கொணர்ந்தது. கிராமப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் பயில, எஞ்சிய பொழுது பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. நாடு அதனைக் குலக்கல்வி என்று அழைத்து எதிர்த்தது. 1954இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார். இவ்வினா முடிந்துபோன பழங்கதை என்று எண்ணற்க. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் குடும்ப வழித் தொழில் என்ற நிபந்தனை இருந்ததைச் சுட்டி, அதனை அவ்வடிவில் ஏற்க இயலாது எனத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. கைத்தொழில் இழிவானதன்று. தந்தை செய்ததனால் மகன் செய்தாக வேண்டும் என்னும் விதியே நாம் எதிர்ப்பது.

மரபறிவும் விடுதலையும்

ஆயின், பிறந்த சூழல் தரும் அறிவை முற்றிலும் தள்ளிவிட வேண்டுமா? வேண்டா. கோவளத்தையே பாருங்கள். மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் அலைச்சறுக்கு விளையாட்டைக் கற்று, 2012இல் இங்கே அதற்கொரு பயிற்சிப் பள்ளி தொடங்கக் காரணமானார். இன்று மீனவ இளைஞர் பலர் அலையின் குணத்தை அறிந்த அவ்வறிவைக்கொண்டே பயிற்சியாளராகியுள்ளனர். மாமல்லபுரத்தில் 1957இல் அரசு சிற்பக்கலைப் பயிற்சி நிலையத்தை நிறுவியது. வீட்டுக்குள் தந்தையிடமிருந்து மகன் கற்ற கலை, விண்ணப்பித்துச் சேர்ந்து வகுப்பில் கற்கும் கலையுமாயிற்று. முன்னது மரபறிவு புதுத் தொழிலாக மலர்ந்தமைக்குச் சான்று. பின்னது எந்த மரபறிவையும் கற்பிக்க முடியும் என்பதற்குச் சான்று. நீரும் நிலமும் அறிந்த நம் பாட்டனின் பேத்தி பாசனப் பொறியாளராக வேண்டும் என்று விரும்பினால் அது அவளுக்குப் பெருமை. கணினியோ மருத்துவமோ இசையோ அவள் நாடினால் அதுவும் அவ்வளவே பெருமை.

இன்றைய வாயில்கள்

கோவளத்திலிருந்து மேற்கே சிறிது தொலைவு சென்றால் கேளம்பாக்கம். அதனை அடுத்துச் சிறுசேரி. உப்பளமும் வயலும் சூழ்ந்திருந்த பழைய மாமல்லபுரச் சாலை இன்று மென்பொருள் நிறுவனங்களின் சாலை. தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையமும் ஆராய்ச்சி மையமும் உள. இக்கட்டடங்களுக்குள் நம்மவர் எவ்வாயில் வழியாக நுழைகின்றனர்? காவலராகவும் துப்புரவுப் பணியாளராகவும் மட்டுமா, பொறியாளராகவும் அறிவியலாளராகவுமா? உழைப்பு எதுவும் இழிவன்று. எனினும் ஒரு சமுதாயத்தார் அனைவரும் பின்வாயில் வழியாகவே நுழைந்தால், அதனைத் தற்செயல் என்று கொள்ள இயலுமா?

தமிழகத்தில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு இட ஒதுக்கீடு உள்ளது. அதனுள் 3 விழுக்காடு 2009 முதல் அருந்ததியர்க்கு உள்ஒதுக்கீடாக அமைந்துள்ளது. அது அரசுப் பணிக்கும் கல்விக்கும் உரியது. தனியார் நிறுவனப் பணிக்கு அது பொருந்தாது. ஆதலின் நம் பிள்ளைகள் அரசுப் பணி ஒன்றையே இலக்காகக் கொள்கின்றனர். அங்கேதான் விதி எழுத்தில் உள்ளது, நம்பிக்கைக்கு இடமுண்டு என்று அவர்கள் கருதுவது நியாயமே. ஆனால் அரசுப் பணியிடங்கள் சில. வேலை தேடுவோர் பலர். ஒரே வாயிலில் எல்லோரும் நின்று காலத்தைக் கழித்தல் நன்றன்று.

மேற்கூறியவற்றால் தெளிவாவது யாது? நமக்கும் பிறர்க்கும் உள்ள வேறுபாடு அறிவிலோ ஆர்வத்திலோ இல்லை. மூன்று பொருள்கள் பிறர் வீட்டில் பரம்பரைச் சொத்தாக உள. நம் வீடுகள் பலவற்றில் இல்லை. முதலாவது செய்தி: எந்தப் படிப்பு எங்கே உள்ளது, எந்நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்னும் அறிவு. இரண்டாவது முன்னோடி: அத்தொழிலில் இருக்கும் அண்ணனோ, அத்தையோ, பக்கத்து வீட்டாரோ. மூன்றாவது காத்திருக்கும் வலிமை: ஒருமுறை தவறினால் மறுமுறை முயலக் கைகொடுக்கும் பொருள். பண்பாடு தொழிலை முடிவு செய்கிறது என்று கூறுவோர், இம்மூன்றையும் சேர்த்தே பண்பாடு என்கின்றனர். இவற்றுள் எதுவும் குருதியில் வருவதன்று. மூன்றும் மனிதர் மனிதர்க்குக் கொடுக்கக் கூடியவையே.

ஆகவே, வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் அடுத்த கடமை தெளிவானது. செய்தியை வீடுதோறும் சேர்ப்போம். படித்துப் பணியில் அமர்ந்தவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கேனும் முன்னோடியாக நிற்போம். முதல் முயற்சியில் தவறியவர்க்கு மறுமுயற்சிக்கான நிதியைத் தொகுப்போம். வென்றவர்க்குப் பரிசளிக்கும் விழா நடத்துதல் எளிது. தவறியவரை மறுபடி தேர்வுக்கு அனுப்புதலே அரிது, அதுவே பெரும்பணி.

இளைஞர்களே! நீவிர் எத்தொழிலைத் தேர்ந்தாலும் அது உங்கள் தேர்வாக இருத்தல் வேண்டும். பாட்டன் செய்ததனால் தேராதீர். பாட்டன் செய்தது என்பதற்காக வெறுத்தும் ஒதுக்காதீர். எல்லையை அறிந்திருந்தும் ஏட்டில் எழுத உரிமையற்றிருந்தவரின் வழித்தோன்றல்கள் நாம். ஏடும் எழுதுகோலும் இன்று நம் கையில் உள. எழுதுவோம், பின்வருவோர் கையிலும் அவற்றை ஒப்படைப்போம்.

வாழ்க கல்வி! வளர்க நம் சமுதாயம்!